குட்டைப் பெட்டிக்குக் குட்டைக் கார்டு: ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, எட்டு மாதம் ஓட்டிய பிறகு

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியபோது 450 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கி வந்தார். ஐ5-8500 சிப், 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. படுக்க வைத்தால் தீபாவளி பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கணக்கு எழுதுவதற்கும் கடிதம் அடிப்பதற்கும் செய்த பெட்டி. அதில் நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன்.

சித்தி மகன் கிள்ளானில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவன் எடுப்பான், நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டிக் கலர் போட்டுக் கொடுப்பேன். காலையில் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோவிலில் முகூர்த்தம், ராத்திரி ஹாலில் விருந்து என்றால் 200 ஜிபிக்குக் குறையாமல் 4கே படம் வந்து சேரும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் வேலை. அது ப்ராசசரைவிட கிராஃபிக்ஸ் கார்டைத்தான் (படம் காட்டும் வேலைக்கென்றே தனியாக மாட்டும் பலகை) அதிகம் பிழியும். என் பெட்டியிலோ கார்டே கிடையாது. சிப்போடு சேர்ந்து வந்த யுஎச்டி 630 மட்டும்தான், அதுவும் ரேமைக் கடன் வாங்கிப் பிழைக்கிற ஜாதி. கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் சத்தம் பாட்டுக்கு ஓடும், மாப்பிள்ளை கை தாலியோடு அந்தரத்தில் நிற்கும்.

கார்டு வாங்கலாம் என்று முடிவு செய்ததும் யூடியூப் பார்த்து ஒரு பட்டியல் எழுதினேன். அத்தனையும் குப்பைக்குப் போனது. காரணம் பெட்டிதான். இந்த மாதிரி ஆபீஸ் பெட்டிகளில் நமக்குப் பிடித்த கார்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, பெட்டிதான் தேர்ந்தெடுக்கும். என்னுடையதில் பவர் சப்ளை மொத்தமே 200 வாட். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கிற 6 பின், 8 பின் வயர் ஒன்றுகூட இல்லை. பவர் சப்ளையை மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். மதர்போர்டில் கடையில் கிடைக்கிற சாதாரண பவர் சப்ளையின் 24 பின் பிளக் சொருக இடமே இல்லை. அந்தக் கம்பெனி தனக்கென்று வேறு பிளக் வைத்திருக்கிறது, பவர் சப்ளையின் வடிவமும் வேறு. ஆக, கார்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுக்க அது உட்காரும் பிசிஐஇ ஸ்லாட்டிலிருந்தே வர வேண்டும். அந்த ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட்.

அடுத்தது உயரம். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு கிட்டத்தட்ட 12 செ.மீ. என் பெட்டிக்கு 8 செ.மீ. தகடுதான் நுழையும்.

இந்த இரண்டு வாசலையும் தாண்டி வருகிற கார்டுகளைக் கை விரலில் எண்ணிவிடலாம். ஜிடிஎக்ஸ் 1650, 2019-இல் வந்தது, 75 வாட், கார்டின் சொந்த மெமரி 4 ஜிபி. பழையது மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் 4கே வேலைக்கு 4 ஜிபி பத்தாது. ரிசால்வ் "ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது" என்று நடு வேலையில் கைவிரித்துவிடும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், கேட்கவே இனிப்பாக இருந்தது. ஆனால் அதில் வீடியோ என்கோடரே (எடிட் செய்த படத்தைச் சுருக்கி ஃபைலாக்கும் பகுதி) இல்லை, எனக்கு அது உப்பில்லாத சாம்பார். போதாக்குறைக்கு அது ஸ்லாட்டில் தகவல் போகும் பாதைகளில் (லேன்) நான்கை மட்டுமே பயன்படுத்தும் கார்டு, என் போர்டு மாதிரி பிசிஐஇ 3 தலைமுறையில் இன்னும் இளைத்துப்போகும். இன்டெல் ஆர்க் ஏ380 மேல்தான் மனசு நின்றது, ஏவி1 என்ற புது வீடியோ வடிவத்துக்கு என்கோடர்கூட இருக்கிறது. ஆனால் ரீசைசபிள் பார் வசதி (ப்ராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாகத் தொட விடுவது) இல்லாவிட்டால் அது தள்ளாடும். என் பெட்டியின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் அப்படி ஒரு வரியே இல்லை.

மிஞ்சியது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, குட்டை வடிவம். பிப்ரவரி 2024-இல் கடைக்கு வந்தது, 70 வாட், தனி வயர் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் உலாவுகின்றன. 2022-இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் கேட்கும், தனி வயர் வேண்டும், அதன் கோர்கள் (கணக்குப் போடும் குட்டிப் பகுதிகள்) 2560. 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. வேகத்தில் 8 ஜிபி கார்டுதான் அண்ணன். என் பெட்டிக்குள் அண்ணன் நுழைய முடியாது.

ஒரு சனிக்கிழமை செந்தூலில் எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவில் மாறி, மோனோரயிலில் ஒரே ஸ்டேஷன் தாண்டி இம்பியில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு நடந்தேன். முதலில் நுழைந்த கடையில் இருந்த பையன் நான் வாயைத் திறப்பதற்குள் 8 ஜிபி கார்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டான். "வயர் இல்லையே தம்பி" என்றேன். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தருகிற சாட்டா வயரிலிருந்து மாற்றிக்கொள்ளும் ஒட்டு வயர் 15 வெள்ளிதான் என்றான். 200 வாட் பெட்டியில் அப்படி ஒட்டுப்போடுவது வயரை உருக்கிக்கொள்ளும் வேலை. வந்த வழியே வெளியே வந்துவிட்டேன்.

மேல் மாடியில் ஒரு சின்னக் கடை, சீன அங்கிள் ஒருவர். அவர் விலையே பேசவில்லை, "கேசிங் அப்பா?" (என்ன பெட்டி?) என்று மலாயில்தான் ஆரம்பித்தார். போனில் பெட்டியின் உள்பக்கப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், பவர் சப்ளையின் லேபிளைக் கேட்டார், அதையும் படம் எடுத்து வைத்திருந்தேன். நான் ஆசையாகக் கை நீட்டிய இன்னொரு கார்டைப் பார்த்து, "இத்து தா முவாட் லா, ஆன்ட்டி" என்று தலையாட்டினார். உள்ளே போகாதாம். அவருக்கு அறுபது இருக்கும், எனக்கு 43. போகட்டும், வருகிற காசை வேண்டாம் என்று சொன்ன மனிதர் எப்படிக் கூப்பிட்டால் என்ன. குட்டைக் கார்டு 839 வெள்ளி, மூன்று வருட வாரண்டி. கார்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் குட்டைத் தகடு இருக்கிறதா என்று என் கண் முன்னே திறந்து காட்டிய பிறகுதான் ரசீது போட்டார்.

மாட்டியது வீட்டில், நானே. கார்டு நெட்டைத் தகட்டோடு வரும், அதைக் கழற்றிவிட்டுக் குட்டையை மாட்ட வேண்டும். ஸ்க்ரூக்கள் மிளகு அளவு. ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போய், அதைத் தேடியதே கால் மணி நேரம். பெட்டியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மெத்தை போல் தூசு. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அதில் பங்காளி. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன், பக்கத்து ஸ்லாட்டை மூடிக்கொள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா வயர் குறுக்கே முட்டியது. அந்த டிஸ்க்கைத்தான் யாரும் தொடுவதில்லையே, கழற்றி எடுத்துவிட்டேன். பிறகு கார்டு வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று உட்கார்ந்தது.

பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை இருட்டு.

அடுத்த இருபது நிமிடம் என்ன நினைத்தேன் என்று எழுத விரும்பவில்லை. கார்டைக் கழற்றினேன், மாட்டினேன், ரேமைக் கழற்றினேன், மாட்டினேன். கடைசியில் என் மகன் வந்து பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மானிட்டர் வயரு பழைய இடத்துலதான் இருக்கு" என்றான். அவனுக்கு 14 வயது. மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டில் சொருகியதும் படம் வந்தது. இதை அவன் இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சரி, வேலைக்கு வருவோம். நான்கு நிமிட 4கே ஹைலைட், கலர் போட்டது, முன்பு முடித்த வீடியோ ஃபைலாக வெளியே எடுக்க 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். இப்போது ஏழு நிமிடத்துக்குள் முடிகிறது. அதைவிடப் பெரிய லாபம் எடிட் செய்யும்போது படம் நிற்காமல் ஓடுவதுதான். பட்டுப்புடவையின் சிவப்பைக் கொஞ்சம் அடக்கினால் உடனே திரையில் தெரிகிறது. முன்பெல்லாம் மாற்றிவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கிவிட்டு வருவேன். 6 ஜிபி எனக்குப் போதுகிறது, ஆனால் மிச்சம் என்று எதுவும் இல்லை. ஒரே கிளிப்பில் நாலைந்து எஃபெக்ட் அடுக்கினால் பழைய எச்சரிக்கை எட்டிப் பார்க்கும்.

மகன் வேலொரண்ட் கேம் ஆடிப் பார்த்தான். விநாடிக்கு நூறு பிரேமுக்கு மேல் வருகிறதாம். எங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், விநாடிக்கு 60 படம்தான் காட்டும், அதனால் அந்த நூறு அவன் மனசுக்குள் மட்டும்தான்.

குறை என்றால் இரண்டு. விசிறிகள் சின்னவை, வேகமாகச் சுற்றினால் கீச்சென்று ஒரு சத்தம். ஏர்கான் இல்லாத அறை, மத்தியான வேளையில் வீடியோ வெளியே எடுக்கும்போது சூடு 83 டிகிரி காட்டியது. பெட்டியை அலமாரித் தட்டிலிருந்து எடுத்து மேசை மேல், சன்னல் பக்கம் வைத்தேன். 76-க்கு இறங்கியது, சத்தமும் பாதியானது. கார்டை வைதுவிட்டு இதை எழுதியிருந்தால் அநியாயம், குற்றம் அலமாரியில் இருந்தது.

இரண்டாவதுதான் நிஜமான குறை. ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பியின் புதுக் கேமரா, நிறத் தகவலை அதிகமாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கிறது. அந்த வகை வீடியோவைப் பிரித்துப் படிக்கும் திறன் என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகளில்தான் வந்தது. 3050-க்குத் தெரியாது, வேலை முழுக்க ஐ5 தலையில் விழுகிறது, படம் மறுபடி திக்குகிறது. 50 வரிசைக்குப் போகலாம் என்றால் அதில் கடைக்குட்டியான 5050-கூட 130 வாட். திரும்பவும் பெட்டி கையை நீட்டி மறிக்கிறது.

உங்கள் பெட்டி நெட்டையானது, பவர் சப்ளை சாதாரண வகை என்றால் இந்தக் கார்டை வாங்காதீர்கள், இதே காசுக்கு வேகமானது கிடைக்கும். என்னுடையது மாதிரி ஆபீஸ் பெட்டி என்றால் கடைக்குக் கிளம்புவதற்கு முன் மூடியைக் கழற்றி, பவர் சப்ளை லேபிளையும் ஸ்லாட்டைச் சுற்றியுள்ள இடத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

தம்பியிடம் கேமராவை, நிறத் தகவலைக் குறைத்துப் பதியும் 4:2:0-க்கு மாற்றச் சொன்னேன். "கலர் போயிடும்க்கா" என்று இழுத்தான். இரண்டு முறையிலும் எடுத்த ஒரே மணமேடைக் காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று கண்டுபிடி என்றேன். தப்பாகச் சொன்னான். அடுத்த கல்யாணம் 4:2:0-வில்தான் வந்தது.