கீழக்கரைப் பழைய புத்தகக் கடையில் கேப்டன் அமெரிக்கா

கீழக்கரைப் பழைய புத்தகக் கடையொன்றில் 150 ரூபாய்க்கு வாங்கிய கேப்டன் அமெரிக்கா சித்திரக்கதைத் தொகுப்பில், உப்புக்காற்றில் நமுத்து ஒட்டியிருந்த தாள்களைப் பிரிக்கவே ஒரு மாலைப்பொழுது கழிந்தது. அதற்காகவாவது கடைக்காரர் விலையைக் குறைத்திருக்கலாம். ஆயினும் உள்ளே இருப்பது முதல் இதழின் மறுபதிப்பு. 1941 மார்ச் தேதியிட்ட அவ்விதழின் அட்டையிலேயே நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்கியதோ அவ்வாண்டு டிசம்பரில்தான். நாடு தயங்கி நின்ற நாளில் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் இரு யூத இளைஞர்கள் தங்கள் நிலைப்பாட்டைச் சித்திரமாகவே வரைந்து காட்டியதால்தான், நோஞ்சானென்று படை தள்ளிய நாயகன் ஸ்டீவ் ரோஜர்ஸ் வெறும் கொடிச்சட்டை வீரனாக நின்றுவிடவில்லை என்பேன். அச்சு தெளிவு. நாயகனின் வட்டக் கேடயத்தைத் தேடிய என் மகன்தான் ஏமாந்தான். அது இரண்டாம் இதழில்தான் வருகிறது.