முன்வயிறு மட்டுமா, இடுப்பைச் சுற்றியா? தொங்கும் தோலுக்கு நான் தேர்ந்தெடுத்த ஆபரேஷன்

எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு 118 கிலோவிலிருந்து 71-க்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் கிடந்தது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வேர்வை நின்று, படை வந்து, புண்ணாகும். இத்தனை வருடம் இழுபட்டுச் சிதைந்த தோல் நார்கள் உடற்பயிற்சியாலோ எண்ணெயாலோ திரும்பச் சேராது. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு வாருங்கள் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். போனபோது மூன்று வழிகள் சொன்னார்.

ஒன்று, தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது. தசையைத் தொட மாட்டார்கள். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு வயிற்றுத் தசை விலகியிருந்ததால் இது போதாது. இரண்டாவது டம்மி டக்: ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டி, விலகிய தசையைச் சேர்த்துத் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் கொடுப்பது. மூன்றாவது பாடி லிஃப்ட்: இடுப்பைச் சுற்றி முழுவட்டமாக வெட்டி, பின்புறத்தையும் வெளித்தொடையையும் சேர்த்துத் தூக்குவது. நடுவயிற்றில் நெட்டுக்குத்தாகவும் வெட்டும் முறை உண்டு. சேலையில் அந்தத் தழும்பு தெரியும் என்பதால் நான் யோசிக்கவே இல்லை.

கண்ணாடியில் பார்க்க மூன்றாவதுதான் அழகு, சந்தேகமில்லை. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம், ஆபரேஷனுக்குப் பிறகான பராமரிப்பு.

டம்மி டக் முடிந்ததும், காயத்துக்குள் சேரும் நீரை வெளியே எடுக்கும் இரண்டு டிரெயின் குழாய்களோடு வீடு வந்தேன். அந்த நீரைத் தினமும் அளவுக் கோப்பையில் ஊற்றி எழுதி வைக்க வேண்டும். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே எடுத்தார்கள். எனக்கு ஒன்பது நாள் ஆனது. முழங்காலுக்கடியில் தலையணை வைத்து மல்லாந்து தூக்கம், கூன் போட்டு நடை, ஆறு வாரம் இறுக்கமான பெல்ட். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க மறுநாளே எழுந்து நடக்க வைத்தார்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட்தான், குந்தவே முடியாது. முன்கூட்டியே கமோடு நாற்காலி வாங்கியது பெரிய உதவி.

இவ்வளவும் முன்பக்கத் தையலுக்கு மட்டும். சுற்றி வெட்டினால், குனியும்போது முன் தையலுக்கு இதம், பின் தையலுக்கு இழுப்பு. நிமிர்ந்தால் நேர்மாறு. மல்லாந்து படுத்தால் பின்புறத் தையல் அழுந்தும். காயம் நீளமாக நீளமாக உள்ளே நீர் கோப்பதற்கும் தையல் பிரிவதற்கும் வாய்ப்பு கூடும். பக்கத்து அறையில் பாடி லிஃப்ட் செய்துகொண்ட அக்காவுக்கு மூன்றாவது வாரம் வால் எலும்பருகே தையல் விட்டு, ஒன்றரை மாதம் டிரஸ்ஸிங் நடந்தது. ஒருவரை வைத்து எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பள்ளி போகும் மகள் மட்டும்தான்.

ஸ்லீவ் செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாப்பாடு குறைவதால் புரதம், இரும்புச் சத்து, பி12 எல்லாம் இறங்கியிருக்கலாம், அப்படியானால் காயம் ஆறத் தாமதமாகும். என் ஹீமோகுளோபின் 9.4 என்று குறைவாக இருந்ததால் ஆபரேஷனையே இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, தினம் 80 கிராம் புரதம் எடுத்தேன்.

இன்சூரன்ஸில் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் கிடையாது. உடனடி உடல்நல ஆபத்தை நீக்க இது அவசியம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. மடிப்பை மட்டும் எடுப்பவர்கள், புண்ணின் போட்டோவும் தோல் டாக்டரின் சீட்டுகளும் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். என் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள்.

இப்போது எட்டு மாதம். படை வரவில்லை. வெளித்தொடை இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது. அதைப் பின்னால் தனியாகச் செய்துகொள்ளலாம். தழும்பு மங்க ஒன்றரை வருடம் வரை ஆகுமாம்; அதுவரை சிலிக்கான் தாள் ஒட்டுகிறேன். பின்புறத் தளர்வுதான் உங்களுக்கு முக்கியத் தொல்லை, ஆறு வாரம் கூடவே இருக்க ஆளும் உண்டு என்றால் பாடி லிஃப்டைப் பற்றிக் கேளுங்கள். எதைச் செய்தாலும், வெட்டும் இடத்தைத் தோலில் பேனாவால் கோடு போடும் நாளில் உங்கள் உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு போய் நாடா எங்கே விழுகிறது என்று சர்ஜனிடம் காட்டுங்கள். தையல் அதற்குக் கீழே அமைந்ததால்தான் மூன்றாம் மாதமே என்னால் சேலை கட்ட முடிந்தது.