சம்பாவுக்கு லைசென்ஸ் விற்றவர்

சிவகாசியில் சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை வேலைகள். டிசைனர்களிடம் மூன்று மேக், பில்லிங், ப்ரூஃப் பக்கம் நான்கு விண்டோஸ், மூலையில் உபுண்டு (லினக்ஸ்) ஓடும் ஒரு சிஸ்டம். எல்லாரும் ஒரே நாஸ் பெட்டியிலிருந்துதான் (நெட்வொர்க்கில் மாட்டிய பொது ஹார்ட் டிஸ்க்) ஃபைல் எடுப்போம். அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது, கெஸ்ட்டாக யாரும் உள்ளே போகலாம். பல வருஷம் அப்படியே ஓடியது.

போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் போட்டு முடித்த கையோடு, மூன்று விண்டோஸ் 11 சிஸ்டமும் 24எச்2 அப்டேட்டை ஏற்றிக்கொண்டன. மறுநாள் காலை நாஸ் திறக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. நிறுவனமே நான்தான், அப்படி ஒரு கொள்கையை நான் போட்டதே இல்லை. மேக்கிலும் உபுண்டுவிலும் பழைய விண்டோஸ் 10-லும் எல்லாம் எப்போதும் போல.

தெரிந்தவர் சொன்ன சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார், ஷேரிங் வந்துவிட்டது. பில் ₹14,500. அதில் 'நெட்வொர்க் ஷேரிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ், 1 வருடம்' என்று மட்டும் ₹8,500. ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில். சீசன் நேரம், மிஷின் நிற்கக்கூடாது. கொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஐப்பசியில் ஒரு நகைக்கடைக்காரர் ப்ரூஃப் பார்க்க வந்தார். படம் அனுப்ப வைஃபை கேட்டார், கொடுத்தோம் (இது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்). சற்று நேரத்தில் போனை என் பக்கம் திருப்பி, "இது எதிர்க் கடை காலண்டர்தானே?" என்றார். போனிலிருந்த ஃபைல் ஆப்பில் நெட்வொர்க் என்பதை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். எங்கள் நாஸ் மொத்தமும் விரிந்து கிடந்தது. அது போதாதென்று கணக்கு சிஸ்டத்தின் டி டிரைவும் திறந்திருந்தது. சம்பளப் பட்டியல் உட்பட.

கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்கா மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். சர்வீஸ்காரர் எதையும் சரிசெய்யவில்லை, இருந்த பூட்டையெல்லாம் கழற்றியிருக்கிறார் என்றான். 24எச்2 முதல் விண்டோஸ் 11 ப்ரோ, ஃபைல் போக்குவரத்து ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கிறது. கெஸ்ட்டாக நுழைபவருக்குப் பாஸ்வேர்டே இல்லாததால் கையொப்பம் போட வழியில்லை, அதனால் கதவு அடைபடுகிறது. சர்வீஸ்காரர் கையொப்பத்தையும் அணைத்து, கெஸ்ட்டையும் அனுமதித்து, ஃபயர்வாலையும் நிறுத்தி, கணக்கு சிஸ்டத்தின் டிரைவை 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' (யாரும் எதுவும் செய்யலாம்) என்று ஷேர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை. அதன் பழைய வடிவமான எஸ்எம்பி 1-ஐயும் எல்லா விண்டோஸ் சிஸ்டத்திலும் ஏற்றியிருந்தார். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது இந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது என்றாலும், எஸ்எம்பி 1-ஐ மைக்ரோசாஃப்ட்டே வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. எங்களுக்கு அது தேவையே இல்லை. மேக் 2013-லேயே எஸ்எம்பி 2-க்கு மாறிவிட்டது, எங்கள் நாஸுக்கும் அது தெரியும்.

சரி, அந்த லைசென்ஸ்? நாஸுக்குள் ஓடுவது சம்பா. அரிசி இல்லை, ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் தொடங்கிய மென்பொருள். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து வைத்த பெயராம். முழுக்க இலவசம், நாஸ் வாங்கும்போதே உள்ளே இருந்தது. அதற்குத்தான் வருஷா வருஷம் ₹8,500.

உண்மையில் செய்ய வேண்டியிருந்தது அரை மணி நேர வேலை. நாஸில் ஆளுக்கொரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டான், ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒரு தடவை அடித்துச் சேமித்தான். சர்வீஸ்காரர் அணைத்ததை எல்லாம் திரும்பப் போட்டு, எஸ்எம்பி 1-ஐ எடுத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்குத் தனி வைஃபை வைத்தான். மேக், உபுண்டு, விண்டோஸ் எல்லாம் ஓடுகின்றன.

உங்கள் ஆபீஸிலும் யாராவது "சரி பண்ணிட்டேன்" என்று போயிருந்தால், உங்கள் போனை ஆபீஸ் வைஃபையில் போட்டு ஒரு ஃபைல் ஆப்பில் தேடிப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்காமல் ஃபோல்டர் திறந்தால் அவர் செய்ததும் இதுவாக இருக்கலாம். பில்லில் லைசென்ஸ் என்று இருந்தால் எந்த மென்பொருள், யார் பெயரில் என்று எழுதி வாங்குங்கள்.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வேலை நடந்துச்சா இல்லையா அண்ணாச்சி, அத மட்டும் பாருங்க" என்றார். லைசென்ஸ் பணத்தில் ₹3,000 மட்டும் திரும்ப வந்தது. ரூட்டர் பாஸ்வேர்டை அடுத்த தடவை வரும்போது தருகிறேன் என்றார், நாங்களே ரீசெட் பண்ணிவிட்டோம். நகைக்கடைக்காரர் காலண்டர் ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். எதிர்க் கடைக்காரருக்கு விஷயம் இன்னும் தெரியாது.