ஃபைபர் பொம்மையா, கண்ணாடி ஜாடியா?

எட்டாவது படிக்கும் மகளை இந்த வருஷம் இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போனேன். ஒன்று, காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டிருந்த மனித உடல் கண்காட்சி. முழுக்க ஃபைபர் மாதிரிகள். இன்னொன்று, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகம். அங்கே கண்ணாடி ஜாடிகளில் நிஜ உறுப்புகள். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். என் அம்மாவும் கிளம்பிவிட்டார்கள்.

மண்டபம் பக்கத்தில் இருக்கிறது, வாடை இல்லை, தொட்டுப் பார்க்கலாம். 206 எலும்பையும் தெரிந்துகொள்ள அந்த எலும்புக்கூடு போதும். சின்னப் பிள்ளைகள் என்றால் அங்கேயே போங்கள். கல்லூரி ஜாடிகளில் கருக்குழந்தை வரிசையும் உண்டு, பயந்துவிடுவார்கள்.

மற்றபடி என் ஓட்டு ஜாடிக்குத்தான். ஃபைபரில் எல்லா ஈரலும் ஒரே அச்சு. கல்லூரியில் ஒரு ஜாடியில் வழவழவென்று நல்ல ஈரல். பக்கத்து ஜாடியில் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், வந்தது, பாகற்காய்த் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக. அப்புறம் பித்தப்பை ஒன்றை நறுக்கி, உள்ளே கல் கிடப்பதைக் காட்டியிருந்தார்கள். நோய் என்றால் என்ன என்பது அந்த இரண்டு ஈரலுக்கு நடுவில் நின்றபோதுதான் மகளுக்குப் புரிந்தது. பொம்மையில் சிரைக்கு நீலம் பூசியிருந்ததால், ரத்தமே நீலம் என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள்.

குறையும் உண்டு. கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினில் ஊறியது எல்லாம் வேகவைத்த கறி நிறத்துக்கு வந்துவிடுகிறது. பழைய ஜாடிகளில் திரவம் மஞ்சளாகி, வற்றி, ஒரு சிறுநீரகத்தின் தலை வெளியே காய்ந்துகிடந்தது.

மண்ணீரல் என்று எழுதியிருந்த ஜாடி முன்னால் அம்மா நின்றுவிட்டார்கள். "அட, இது நம்ம சுவரொட்டில்ல!" கறிக்கடையில் ஆட்டு மண்ணீரலுக்கு அதுதான் பெயர்.

விளக்கம் சொல்ல நின்ற மாணவிக்குச் சிரிப்பு. "ஆமா ஆச்சி, அதேதான்." அந்த வாரம் வீட்டில் கறி எடுக்கவில்லை.

ஃபைபர், ஜாடி தவிர, நிஜ உறுப்பையே பதப்படுத்தும் பிளாஸ்டினேஷன் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. 1977-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குந்தர் வான் ஹாகென்ஸ் என்ற உடற்கூறியல் நிபுணர் கண்டுபிடித்த முறை. அசிட்டோனால் உடலின் நீரை எடுத்துவிட்டு, வெற்றிடத்தில் சிலிக்கோனை ஏற்றுவார்கள். வாடையும் இல்லை, திரவமும் இல்லை. அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு இதயத்தைக் கையில் கொடுத்தார்கள்; காய்ந்த ரப்பர் மாதிரி இருந்தது. ஒரே ஒரு இதயத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

போட்டோ எடுக்க விடமாட்டார்கள், நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். மகள் அந்தப் பாகற்காய் ஈரலை வரைந்து, படிக்கிற மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.