கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறுபவர்களுக்கு: எந்த விமான வைஃபை, யாருக்கு?

கொழும்பிலிருந்து லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ டிக்கெட் பார்க்கும்போது விலை, எத்தனை கிலோ, ட்ரான்சிட் எத்தனை மணி நேரம் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். உள்ளே இணையம் எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு போன் திரையில் டொலர் விலைகள் வந்து நிற்கும்போதுதான் யோசனையே வருகிறது, அப்போது ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இல்லை வழியும் இல்லை. என் அபிப்பிராயம் இதுதான்: எகானமியில் போகும் நம்மவர்களில் பெரும்பாலானோர் விமான வைஃபைக்குக் காசு கட்டவே தேவையில்லை. ஆனால் அதற்கான வேலையை வீட்டிலிருந்து கிளம்ப முன்னமே முடித்துவிட வேண்டும்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பழைய முறையில் இணையம் வருவது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கக் கேட்டால் அந்தக் கோரிக்கை மேலே போய், தரைக்கு இறங்கி, பதில் மறுபடி மேலே போய் விமானத்துக்கு வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் இந்த அலைச்சலுக்கே அரை விநாடிக்குக் கிட்ட ஆகிவிடும், அதோடு ஒரே இணைப்பை முழு விமானமும் பங்கு போடுகிறது. புதிய முறை ஸ்டார்லிங்க், அதாவது எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனி நடத்தும் செயற்கைக்கோள் இணையச் சேவை. அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில்தான் ஓடுகின்றன. அதனால் வீடியோ பார்க்கலாம், அலுவலகக் கோப்புகளைத் திறந்து வேலை செய்யலாம், கிட்டத்தட்ட வெள்ளவத்தை வீட்டில் இருப்பது மாதிரித்தான். அமெரிக்காவில் தரைக் கோபுரங்களிலிருந்து விமானத்துக்கு இணையம் கொடுக்கும் முறையும் உண்டு, ஆனால் அரபிக் கடலுக்கு மேலால் பறக்கிற நமக்கு அதில் பிரயோசனம் இல்லை.

இந்த ஸ்டார்லிங்க் விஷயத்தில் இப்போதைக்கு முன்னால் நிற்பது கட்டார் எயார்வேஸ். 2024 ஒக்டோபரில் தோஹாவிலிருந்து லண்டன் போன போயிங் 777இல் தொடங்கினார்கள், பிறகு ஏ350 ரகத்துக்கும் கொண்டுவந்தார்கள். எந்த வகுப்பில் இருந்தாலும் இலவசம். எமிரேட்ஸ் 2025 நவம்பரில்தான் இதை அறிவித்தது. 232 விமானங்களில் பூட்டி 2027 நடுப்பகுதியில் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே டுபாய் வழியாகப் போகிறவருக்கு ஸ்டார்லிங்க் பூட்டிய விமானம் வருமா பழைய விமானம் வருமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். கம்பனியின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தால் ஏமாறுவோம் என்று நான் சொல்வது இதனால்தான். புக்கிங் பக்கத்தில் விமானத்தின் ரகமும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவதும் நடக்கும், அதனால் அதை முழுதாக நம்பவும் கூடாது. கொழும்பிலிருந்து தோஹா வரை சுமார் 5 மணி நேரம், அங்கிருந்து டொரொண்டோவுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இணையம் உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது விமானத்தில், ஆகவே அந்த விமானத்தின் ரகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம்.

கிழக்கே போகிறவர்களுக்கு, அதாவது சிங்கப்பூர் வழியாக அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கு, என் தெரிவு சிங்கப்பூர் எயார்லைன்ஸ். 2023 ஜூலையிலிருந்து அவர்களின் கிரிஸ்ஃபிளையர் என்ற பயணிகள் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் எகானமியிலும் அளவில்லாத இலவச வைஃபை. உறுப்பினராவதற்குக் காசு இல்லை. ஸ்டார்லிங்க் அளவு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மெயில், வட்ஸ்அப், செய்தி வாசிப்பது இவற்றுக்குப் போதும், நேரக் கணக்கும் எம்பி கணக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி.

எமிரேட்ஸின் பழைய விமானம் கிடைத்தாலும் அவர்களின் பயணிகள் திட்டமான ஸ்கைவார்ட்ஸ் உறுப்பினருக்கு எகானமியில் மெசேஜ் மட்டும் இலவசம். இப்படியான இலவச மெசேஜ் பக்கேஜ் வேறு பல கம்பனிகளிலும் இருக்கிறது, இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எழுத்து போகும், பதில் வரும். படமோ குரல் பதிவோ அனுப்பினால் பெரும்பாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “ஏறிட்டன், சாப்பாடு தந்தாச்சு, காலையில வந்துடுவன்” என்று வீட்டுக்குச் சொல்ல இது போதாதா?

சரி, காசு கட்டும் பக்கேஜ்கள். இவை இரண்டு விதம், ஒன்று மணிக்கணக்கு, மற்றது எம்பி கணக்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மணிக்கணக்கைத்தான் எடுங்கள், எம்பி கணக்கு விலை குறைவாகத் தெரிந்தாலும். காரணம், இணைப்பு கிடைத்த அந்த நிமிடத்தில் நீங்கள் எதையும் திறக்க முன்னமே போன் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். விமான நிலையத்தில் எடுத்த படங்களை கூகுள் போட்டோஸ் மேலேற்றும், அப்கள் அப்டேட் தேடும், குடும்ப குறூப்பில் வந்த காலை வணக்கப் படங்களும் சாமிப் படங்களும் ஒவ்வொன்றாக இறங்கும். 50 எம்பி எங்கே போனது என்றே தெரியாது. கிளம்ப முன் வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், போட்டோ பக்கப்பையும் நிறுத்துங்கள். வைஃபையில் இணைந்த பிறகு அந்த இணைப்பின் செட்டிங்ஸில் டேட்டா சேமிப்பையும் போட்டுவிடலாம்.

காசு கட்டுவதில் நம் நாட்டு கார்ட்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கார்ட் இலக்கத்தை அடித்ததும் வங்கி ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். போன் ஃபிளைட் மோடில் இருக்கும், எஸ்எம்எஸ் வராது. மெயிலுக்கு அனுப்பும் வங்கியாக இருந்தாலும், மெயிலைத் திறக்க வைஃபை வேண்டும், வைஃபை வேண்டுமென்றால் ஓடிபி வேண்டும். ஆகவே கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், அந்த விமான கம்பனி முன்கூட்டியே விற்கிறதா என்று பார்த்து வீட்டிலிருந்தே கட்டிவிடுங்கள். உறுப்பினர் கணக்கும் அப்படித்தான். மெயிலை உறுதிப்படுத்தி, கடவுச்சொல்லை எழுதி வைத்து, உறுப்பினர் இலக்கத்தை புக்கிங்கில் சேர்த்த பிறகே கட்டுநாயக்கவுக்குப் போங்கள்.

அப்புறம், போனின் சொந்த சிம். இதைத் தெரிவாகவே நினைக்காதீர்கள். சில விமானங்களுக்குள் ஒரு குட்டி மொபைல் கோபுரமே இருக்கிறது. ஃபிளைட் மோட் போடாமல் ரோமிங்கைத் திறந்து வைத்திருந்தால் போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கனடாவுக்கென்று வாங்கிய ரோமிங் பக்கேஜ் பொதுவாக இதற்குச் செல்லாது, கட்டணம் தனி, அதுவும் மிக அதிகம். ஃபிளைட் மோட் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் திறப்பதுதான் சரியான முறை. இ-சிம் வைத்திருப்பவர்களும் அதேபோலத்தான் செய்ய வேண்டும்.

வேகமான வைஃபை இருந்தாலும் குரலில் கதைப்பதற்குப் பல கம்பனிகள் அனுமதிப்பதில்லை, பக்கத்தில் தூங்குகிறவரை நினைத்தால் அது நியாயமும்கூட. சில நாடுகளின் வான்பரப்பில் அனுமதி இல்லாததால் ஸ்டார்லிங்க் இடையில் நின்றுபோகும், சீனா அப்படி ஒன்று. நின்றால் போன் பழுது என்று நினைத்து அம்மாமார் பதற வேண்டாம், எல்லையைத் தாண்டியதும் தானாக வரும்.

சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம், அதில் ஏறி இறங்கும் நேரம் போக மிஞ்சுவது அரை மணி நேரம்தான். அதற்கு வைஃபை தேடுவது வீண் வேலை, ஒரு படத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, தனியாக முதல்முறை பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்கு. நானாக இருந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் இலவச முழு வைஃபை உள்ள வழியையே எடுப்பேன். இறங்க முன் நிரப்பும் படிவத்தில் ஏதும் விளங்காவிட்டால் படம் எடுத்து அனுப்பிக் கேட்கலாம், ட்ரான்சிட்டில் கேட் மாறினால் ஆகாயத்திலேயே தெரிந்துவிடும். அம்மாவின் போனில் உறுப்பினர் கணக்கை நீங்களே போட்டு, வைஃபையில் இணைந்ததும் திறக்கும் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு படம் காட்டி, எங்கே அழுத்த வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.