1976 கடல் எல்லை ஒப்பந்தம்: குமரிக் கரையிலிருந்து ஒரு மதிப்புரை

சின்னமுட்டம் ஏலக்கூடத்தில் கணவாயும் களவாயும் கூடை கூடையாக இறங்குகிறதே, அதில் வாட்ஜ் பேங்க் மீனும் உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் கிடக்கும் அந்த மேட்டுத்திட்டு யாருக்கு என்பதை ஒரு குண்டுகூட வெடிக்காமல் தீர்த்தது, 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தமும் அன்றே வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களும்தான். நேரடிப் பேச்சுவார்த்தை என்ற சேவையை எடைபோட, நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

முதலில் வேலைப்பாடு. மன்னார் வளைகுடாவில் கோடு 13 புள்ளிகளில் போகிறது. ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. இன்றைக்கு ஜிபிஎஸ்ஸில் போட்டே பார்த்துவிடலாம்.

அதைவிட அருமை, விட்டுக்கொடுத்ததை அளந்து எழுதிய விதம். வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு. ஆனால் அங்கே பிடித்துப் பழகிய இலங்கைக் கப்பல்களை மறுநாளே விரட்டவில்லை. இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை, அதாவது மீன்பிடி உரிமை தனக்கே என்று வைத்துக்கொள்ளும் கடற்பரப்பை, அறிவித்த நாளிலிருந்து 3 வருடம், அதிகபட்சம் 6 கப்பல், வருடத்துக்கு 2,000 டன். அந்தக் கெடு முடிந்ததும் இன்னும் 5 வருடத்துக்கு வருடம் 2,000 டன் மீனை, பேசி முடிக்கிற விலையில், இந்தியா கொடுக்கும். கொழும்புக்குத் திரும்பியவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஊரில் காட்ட ஒரு கணக்கு இருந்தது.

நேரில் உட்கார்ந்தாலே சண்டை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் குளச்சல் வெற்றித்தூணை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். 1739இல் டச்சு இலங்கையின் கவர்னர் வான் இம்ஹோஃப் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவை நேரில்தான் சந்தித்தார். கொண்டுவந்தது மிரட்டல் மட்டும்: பக்கத்து அரசுகளை விட்டு விலகு, இல்லையென்றால் படை வரும். மகாராஜா எடுத்துக்கொள்ள அதில் எதுவுமில்லை. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுப்படை தோற்றது. அந்த அரசுகளின் விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று டச்சுக்காரர் எழுதிக்கொடுத்தது 1753இல், மாவேலிக்கரையில்.

எழுத்தில் இருப்பது இன்னொரு பலம். அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போன கியூபா நெருக்கடிக்குப் பிறகு, 1963இல் வாஷிங்டன்–மாஸ்கோ ஹாட்லைன் என்ற நேரடித் தொடர்பு போட்டவர்களும் டெலிபோனை விட்டுவிட்டு, செய்தியை எழுத்தாக அச்சடித்துத் தரும் டெலிபிரிண்டர்தான் வைத்தார்கள். பேச்சில் மொழிபெயர்ப்பு பிசகும், கோபத்தில் வார்த்தை தடிக்கும். எழுத்தென்றால் நிதானமாக, ஆற அமரப் படித்துப் பதில் போடலாம்.

குமரியில் நின்று பார்த்தால் ஐந்துக்கு நான்கரை. பாம்பனில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் பிடிக்கக்கூடாது என்று அதே கடிதங்கள் சொல்கின்றன. ராமேசுவரத்துக்காரர் காலங்காலமாக வலைபோட்ட இடம் அதில் போனது. அவர்களுக்குக் கெடு இல்லை, டன் கணக்கு இல்லை. இலங்கைக் கப்பலுக்குக் காட்டிய பக்குவத்தை நம் மீனவருக்குக் காட்டாதது மனதை அறுக்கிறது. தகராறைப் பேசித் தீர்க்க ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. எத்தனை நாளுக்குள் என்றுதான் இல்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை கூடும் பணிக்குழு, இரு கடலோரக் காவல்படைக்கும் நடுவே ஹாட்லைன் என்பதெல்லாம் முடிவானது 2016இல்.

அடுத்து உட்காரும்போது பாக் நீரிணைக்கும் படகு எத்தனை, நாள் எத்தனை, டன் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மேசையில் ராமேசுவரத்திலிருந்து ஒருவருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்; இருவரும் வலை இழுப்பவர்களாக இருக்கட்டும்.