அணு உலைப் பூச்சு ஆய்வு: அமைப்பின் சான்றிதழா, நிறுவனத் தகுதியா?

அமெரிக்க அணுமின் நிலையங்களில் கோட்டிங் இன்ஸ்பெக்டராக நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துரு தடுப்பு, பூச்சுத் துறை அமைப்புகளான நேஸும் எஸ்.எஸ்.பி.சி.யும் 2021-இல் இணைந்து உருவான ஏ.எம்.பி.பி. என்ற அமைப்பு தரும் பூச்சு ஆய்வாளர் சான்றிதழ். மற்றொன்று, ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி4537 வழிகாட்டியின்படி, பயிற்சி, தேர்வு, அனுபவம் பார்த்து வேலை கொடுக்கும் நிறுவனமே தரும் தகுதி.

முன்னது உங்கள் பெயரில் இருக்கும். வேலை மாறினாலும் கூடவே வரும். பாலம், கப்பல், குழாய் வேலைக்கும் செல்லும். பின்னது அந்த நிறுவனத்தோடு சரி. விலகினால் அடுத்த இடத்தில் மறுபடி மதிப்பீடு.

ஆனால் உலைக் கட்டடத்துக்குள் பேசுவது பின்னதுதான். அங்கே பெயிண்ட் துருவைத் தடுக்க மட்டும் அல்ல. குளிர்விப்புக் குழாய் உடைந்தால், உரிந்த பெயிண்ட் தண்ணீரோடு ஓடி, அந்தத் தண்ணீர் சேரும் ‘சம்ப்’ என்ற அடிக்குழியின் வடிகட்டியை அடைக்கலாம். அங்கிருந்து நீர் எடுத்து உலையை ஆற்றும் பம்புகளுக்குத் தண்ணீர் போதாமல் போகும். இப்படி வடிகட்டி அடைபடும் கவலையால்தான் 2004-இல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அழுத்தநீர் உலை நடத்துவோர் அனைவருக்கும் கடிதம் அனுப்பியது. ஆகவே ‘சர்வீஸ் லெவல் 1’ எனப்படும், உலைக் கட்டடத்துக்குள் அடிக்கும் இந்தப் பூச்சில் பேட்ச் எண், ஈரப்பதம், தடிமன் என எல்லாமே ஆவணமாக வேண்டும். சலிப்பான வேலைதான்.

புதியவர் முன்னதில் தொடங்கட்டும். அது கையில் இருந்தால் நிறுவனங்கள் எடுப்பது எளிது. ஏற்கெனவே அணுமின் ஒப்பந்தக்காரரிடம் இருப்பவர், சொந்தப் பணத்தைச் செலவழிக்குமுன் டி4537 தகுதி தருவார்களா என்று மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.